போனை எடுத்தவன்

என் அண்ணிக்கு முகஸ்துதி வராது. வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய கேடு என்பதை எங்கள் வீடு நன்றாக அறியும். ஒரு பல் டாக்டர் போன் செய்து, "முதல் பக்கத்துல என் போட்டோவ இன்னும் பெருசா போடுங்கம்மா" என்று கேட்டார். "இப்பவே பயமா இருக்கு சார்" என்றார் அண்ணி. உண்மைதான், ஆனால் அதைச் சொல்லலாமா? டாக்டர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

அவரைச் சமாதானம் செய்து திரும்ப அழைத்து வந்தது அண்ணியின் தம்பி. வாய்ப்பந்தல் போடுவதில் அவன் மன்னன். உருப்படியாக ஒரு வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. அன்றிலிருந்து பேசுவது தம்பி, செய்வது அக்கா என்று ஆயிற்று. துணி காயப்போடும் பின்னறையில், கால் ஆடும் மேசையில் உட்கார்ந்து, எட்டு வருடத்தில் பதினான்கு தளங்களை அண்ணி கட்டி நிறுத்தினார். ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் பென்சிலால் வரைவார். முடித்ததும் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய போனில் திறந்து பார்ப்பார். அதில் சரியாகத் தெரிந்தால்தான் மனம் ஆறும்.

ஒரு தப்பு செய்தார். வெப்சைட் முகவரியை யாராவது ஒருவரின் ஈமெயிலில் பதிய வேண்டும். அந்த ஈமெயில் யாருடையதோ, சாவி அவரிடம். போன் எடுக்கிறவனுக்கே கடிதமும் வரட்டும் என்று பதினான்கையும் தம்பியின் ஈமெயிலில் பதிந்துவிட்டார். நான் அப்போதே கேட்டேன்.

"ஒண்ணாவது உங்க பேர்ல இருக்கட்டுமே அண்ணி?"

"போடி, என் தம்பிடி அவன்."

நாத்தனார் சொன்னால் எடுபடுமா?

போன மாதம் ஒரு காலை, ஒரு பள்ளிக்கூடத்தின் தேர்வு அட்டவணையை மாற்றுவதற்காக அண்ணி அதன் தளத்துக்குள் நுழையப் பார்த்தார். பாஸ்வேர்டு தவறு என்றது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, நான்கு முறை அடித்தார். பிறகு பல் டாக்டரின் தளம், நகைக்கடையின் தளம் என்று வரிசையாகப் போனார். எல்லாம் பூட்டு. பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு' என்று அண்ணியின் பெயர் இருந்த இடத்தில் தம்பியின் பெயர் இருந்தது. பதினான்கிலும்.

உடனே அவனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"கோச்சுக்காதக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். தனியா ஆபீஸ் போடறேன். எல்லாரும் என்னைத்தானே கேக்கறாங்க?"

"செஞ்சது யாருடா?"

"நீதான். யாரு இல்லேன்னா? வேலை வந்தா உனக்குத்தான் தரப்போறேன்."

அடப்பாவி! கூடப் பிறந்தவளுக்கே கூலி வேலை தருகிறானாம்.

அண்ணி பல் டாக்டரை அழைத்தார். எட்டு வருடத்தில் தானாக ஒரு வாடிக்கையாளரை அழைத்தது அன்றுதான். தன் பெயரைச் சொன்னதும் அவர், "ஓ, தம்பிகிட்ட டைப் அடிக்கிற அம்மாவா? சொல்லியிருக்காரு" என்றார். அண்ணி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"வாங்க, உங்க அம்மாகிட்ட போவோம். அவங்க ஒரு அதட்டு போட்டா பயல் வழிக்கு வருவான்" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணிக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. வழியெல்லாம், "அம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்துச் சுவரில் தம்பியின் பெயர் எழுதிய புத்தம் புதுப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. அண்ணியின் அம்மா கீழே உட்கார்ந்து, ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துணி நின்றது. ஆனால் முகத்தில் திடுக்கிடல் இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"நான்தான் அவன் பேர்ல மாத்திக்கச் சொன்னேன்" என்றார் அந்த அம்மா, துணியைப் பிழிந்துகொண்டே. "உனக்குக் கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுக்குவே. அவனுக்கு என்ன இருக்கு? சொல்லு."

சண்டைக்கு என் வாய் துடித்தது. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அவனுக்கு நீ இருக்கேம்மா" என்றார். "எனக்கும் நீ இருக்கேன்னு நெனச்சுட்டேன்."

அந்த அம்மா நிமிரவில்லை. நாங்கள் படியிறங்கும்போது துணி மறுபடியும் பலகையில் தேய்கிற சத்தம் கேட்டது.