உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டுத் தோப்புக்கு

ஆறு மாதமாக எனக்குத் தூக்கமில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரத் தோப்பொன்றில் மனச்சோர்வு உள்ளவர்கள் சனிக்கிழமைதோறும் கூடி நடக்கிறார்கள், கட்டணம் இல்லை, போய்ப் பாருங்கள் என்றார். நாளைக் கடத்திக்கொண்டே இருந்தேன். ஜெசிந்தா போகிறாள் என்று கேள்விப்பட்ட வயிற்றெரிச்சலில்தான் போன சனிக்கிழமை கிளம்பினேன்.

ஜெசிந்தா எங்கள் பள்ளி ஆசிரியை (பெயரை மாற்றியிருக்கிறேன்). நான் அதே பள்ளியில் கிளார்க். அவளை அவள் வீட்டுக்காரரே பைக்கில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறார். கொடுத்து வைத்தவள். என் வீட்டில் மனசுக்கு வைத்தியம் என்று வாயைத் திறந்தால் மாமியார் தெருவையே கூட்டிவிடுவார். அதனால் உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டேன். உபவாசத்துக்குப் போகிறவள் காலையில் இட்லி தின்ன முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

சங்கரன்கோவிலில் 5.50 பஸ். புளியங்குடியில் மாற இருபது நிமிடம் நிற்க வேண்டும். கண்டக்டர், "தோப்புக்குப் பிரியுற விலக்குல நிக்காதுக்கா, ஊருக்குள்ள எறங்கி நடங்க" என்றார். மூன்று கிலோமீட்டர். ஏழு மணி நடைக்கு நான் போய்ச் சேர்ந்தது 7.45. ஜெசிந்தா 6.55-க்கே வந்துவிட்டாளாம், தலைகூடக் கலையாமல் நடந்துகொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடை முடிந்து மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்தோம். என் முறை வந்தபோது, "ஒறக்கமே இல்ல, வீட்டுல சொல்லப் பயமா இருக்கு" என்று சொல்லி அழுதுவிட்டேன். பசிகூடத் தெரியவில்லை. ஜெசிந்தா, "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்றாள். பத்தடி தள்ளி வரப்பில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

கை கழுவும் இடத்தில் தன் டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டினாள். "ஒன்னப் பாத்தா பொறாமையா இருக்குட்டி. தனியா பஸ்ஸுல வாரே. நான் நாலு மாசமா வாரேன், ஒரு வார்த்த பேச முடியல."

இட்லியைத் தின்றேன். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த பைக் இன்னும் கண்ணை உறுத்துகிறது.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர், செருப்புக்குப் பதில் ஷூ, பாதி நடைதான் கிடைக்கும் என்ற மனத்தயாரிப்பு. உபவாசம் என்று மட்டும் சொல்லாதீர்கள். திரும்பி வந்தும் சாயங்காலம் வரை சோறு கிடையாது.

ஆனால் இந்தச் சனிக்கிழமைக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறோம். பெண்கள் மட்டும் கூடும் உபவாச ஜெபம் என்று ஜெசிந்தா அவள் வீட்டில் சொல்லியாயிற்று. 5.50 பஸ்ஸில் இரண்டு பேர்.