பண்ணா வந்து சொல்லு

ஆம்பூரில் நான் சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனியில் ஒரு மேனேஜர். யார் எதிரில் நின்றாலும் சீப்பால் தலையை வாரிக்கொண்டேதான் பேசுவார்.

தையல் பிரிவுப் பெண் ஒருத்தி அழுதபடி வந்தாள். இதே கம்பெனியில் வேலைபோன அவள் புருஷன், எங்கள் எல்லோரையும் உள்ளே பூட்டிக் கொளுத்தப்போவதாகச் சொல்லி, பெட்ரோல் வாங்கி வைத்திருந்தான்.

"குடிச்சிட்டு உளர்றான். இப்ப இன்னா பண்ணிட்டான்? பண்ணா வந்து சொல்லு" என்றார் மேனேஜர்.

நானே அவளைப் போலீசிடம் கூட்டிப்போனேன். மறுநாள் காலை, கேனும் சங்கிலியுமாக வந்தவனை கேட்டிலேயே பிடித்தார்கள்.

"அவன்மேல எனக்கு அப்பவே டவுட்டு" என்று முதலாளியிடம் சொன்ன மேனேஜர், அவளையும் வேலையைவிட்டு நிறுத்தினார்.

"நம்மளைக் காப்பாத்தினதே அவதான் சார்."

"அவன் பொண்டாட்டிய எப்படிப்பா உள்ள விடறது?"

கொஞ்சமாவது கூசுவார் என்று அந்த முகத்தையே பார்த்தேன். கூசவில்லை. அப்படியொரு முகம் எப்படித்தான் வாய்க்கிறதோ!