வலக்கைக்குப் போன செபம்

இதை எழுதலாமா விடலாமா என்று சில வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் பேனையைக் கையில் எடுப்பேன். உயிர்ப்பு ஞாயிறு வந்ததும் பலகார வேலையில் அது மறந்துபோகும். எனக்குப் படிப்பும் குறைவு, இலங்கையில் நாட்டுப் பிரச்சினையோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதோடு, இது என் மருமகனுடைய கையைப் பற்றிய கதை. கை அவருடையதாக இருக்கும்போது நான் எப்படிச் சொல்வது என்ற கூச்சமும் இருந்தது. ஆனால் போன மாதம் நோர்வேயின் மறுபக்கம், ஸ்தவாங்கர் நகரில் இருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, என் வீட்டில் நடந்ததை எனக்கே வேறுவிதமாகச் சொன்னார். அதற்குப் பிறகு எழுதாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

என் மகள் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். இயன்மருத்துவம் படிக்க அமெரிக்கா போனவள், அங்கேயே ஒரு பையனை விரும்பிவிட்டாள். அவள் தொலைபேசியில் சொன்ன அன்று நடந்த கதை இன்னும் எங்கள் வீட்டுச் சிரிப்பு.

"உத்தியோகம் என்ன பிள்ளை?" என்று என் மனைவி கேட்டாள்.

"பந்தெறியிறது அம்மா. பேஸ்போல்."

"அது சரி, உத்தியோகம்?"

"அதுதான் அம்மா உத்தியோகம்!"

அவர் கத்தோலிக்கர் என்று கேட்ட பிறகுதான் மனைவிக்கு மூச்சு வந்தது. கல்யாணத்துக்கு ஒஸ்லோ வந்தபோது பையன் எங்கள் எல்லோரையும் மயக்கிவிட்டார். வலக்கையால் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். வலக்கையால் சிலுவை அடையாளம் போட்டார். வலக்கையால் கொடுத்து வலக்கையால் வாங்கினார். "வெள்ளைக்காரப் பிள்ளை எண்டாலும் பழக்கவழக்கம் பாருங்கோ" என்று சனம் புகழ்ந்தது. மகள் அவரைப் பல மாதம் வீட்டில் வைத்துப் பழக்கித்தான் கூட்டிவந்தாள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் அவருடைய முழங்கை போய்விட்டது. முழங்கைக்கு உள்ளே எலும்பையும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் நார் ஒன்று இருக்கிறதாம். பந்தெறிகிறவர்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் அறுந்துவிடும். உடம்பின் வேறொரு இடத்திலிருந்து நார் எடுத்து அங்கே தைப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் விளையாட முடியாது. அதன் பிறகும் பந்து பழைய வேகத்தில் போகாவிட்டால் குழு அனுப்பிவிடும். மகள் அழுதழுது சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பையனுடைய பிழைப்பே அந்தக் கைதான்.

இந்த வருத்தம் எனக்குப் புதிதில்லை. நோர்வே வந்த புதிதில் வடகோடியில் ஹம்மர்பெஸ்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் நின்றவன் நான். ஒரே வெட்டு, ஒரே இழுப்பு, நாள் முழுக்க. என் வலத்தோள் இன்றைக்கும் மழைக்கு முன்னால் எனக்குச் செய்தி சொல்லும். ஆகவே மகள் தொலைபேசியை வைத்ததும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தேன். மருமகனுடைய வலக்கை சுகப்பட்டால் வெள்ளியில் ஒரு கை செய்து மன்னாரில் மாதாவின் காலடியில் வைப்பதாக. எங்கள் செபக்குழுவும் சேர்ந்துகொண்டது. கிழமை தவறாமல் செபமாலை முடிவில், "இந்தப் பிள்ளையின் வலக்கையை ஆசீர்வதியும் தாயே" என்று ஒரு மன்றாட்டு.

எந்தக் கை என்று மகளிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகிற நேரம் மகள் பிள்ளைத்தாய்ச்சி. தாயோடு இருந்து பெற வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மருமகன் குழுவிடம் கெஞ்சி, குளிர்காலத்தை ஒஸ்லோவில் கழிக்க அனுமதி வாங்கினார். மாசியில் புளோரிடாவில் பயிற்சி முகாம், அங்கே எறிந்து காட்ட வேண்டும். சரியென்றால் வேலை இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அவர்கள் வந்த அதே கிழமைதான் என் மனைவியின் தம்பியும் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளிக் கையைச் செய்வித்துக்கொண்டு வந்து இறங்கினான். இங்கே செபித்துவிட்டு, பிறகு மன்னாருக்குக் கொண்டுபோவதாகத் திட்டம்.

ஒஸ்லோவில் வெஸ்ட்லி என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் செபக்குழு கூடியது. மகள் பயணக் களைப்பில் அறைக்குள் படுத்திருந்தாள். குழுவை நடத்துகிற அக்கா கதிரையைக் காட்டினார். "மருமகன், இதிலை இருங்கோ. கையை நீட்டுங்கோ." சொன்னது விளங்காவிட்டாலும் அவர் பவ்வியமாக இருந்தார். அக்கா அவருடைய வலக்கையைத் தானே பிடித்து எடுத்து, வெள்ளிக் கையை அதன்மேல் வைத்து உருகி உருகிச் செபித்தார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் மகள் வாசலில் நிற்கிறாள்.

"என்ன செய்யிறியள்? அவருக்கு ஒப்பரேஷன் இடக்கையிலையெல்லோ!"

அக்கா வெள்ளிக் கையைச் சட்டென்று தூக்கினார்.

"இடக்கையிலையோ?" என்றார் அக்கா. "பிள்ளை, ஒரு வருசமா நாங்கள் வலக்கைக்கெல்லோ மன்றாடினனாங்கள்!"

"ஆர் சொன்னது வலக்கை எண்டு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மாதா படத்தைப் பார்த்தாள்.

"அவர் சோறு தின்னுறது வலக்கையாலை தானே!" என்றேன்.

"அது நான் பழக்கினது அப்பா! இடக்கையாலை சாப்பிட்டால் எங்கடை சனம் முழுசிப் பாக்கும் எண்டு. அவர் எழுதிறது, எறியிறது, பல்லு மினுக்கிறது எல்லாம் இடக்கை."

மச்சான் சந்தர்ப்பத்தை விடவில்லை. "தட்டார் கேட்டவர் அத்தான், எந்தக் கை செய்யிறது எண்டு. நான் உங்களுக்குக் கோல் எடுத்தனான். 'இதென்ன விசர்க் கேள்வி, மனுசர் எறியிறது எந்தக் கையாலை' எண்டு பேசினனீங்கள்."

"மாதாவுக்கு விலாசத்தைப் பிழையாப் போட்டிட்டம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு அத்தனையும் வெடித்தது.

மகள் மருமகனுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தன் வலக்கை வாழ்நாளிலேயே இவ்வளவு சுகமாக இருந்ததில்லை, காரணம் இப்போதுதான் தெரிகிறது என்று சொன்னாராம். சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். சட்டையின் வலக்கைப் பொத்தானைக் கழற்றி, மணிக்கட்டைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். அங்கே சின்னதாக ஒரு வெட்டுத் தழும்பு.

மகள்தான் சொன்னாள். தைப்பதற்கான நாரை வழக்கமாக அதே கையின் மணிக்கட்டுப் பக்கத்தில் இருந்துதான் எடுப்பார்களாம். சிலருக்கு அந்த நார் பிறப்பிலேயே இருக்காதாம், இவருக்கு இடக்கையில் இல்லை. "அதாலை வலக்கையிலை இருந்து எடுத்துத்தான் இடக்கையிலை தைச்சவை."

அக்கா அந்தத் தழும்பை விரலால் தொட்டுவிட்டுச் சிலுவை போட்டார். என் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப செபம் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு. எல்லாரும் சாப்பிட வாங்கோ."

அன்று அவர் எங்களுக்கு முன்னால் முதல் தடவையாக இடக்கையால் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிட்டார். ஒருவரும் முழுசிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டோம்.

தைத்த நார் நன்றாகப் பிடித்துவிட்டது. ஆனால் எறிய முடியுமா என்பது வேறு கேள்வி. அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீடு அந்தக் கேள்வியோடுதான் எழும்பியது, படுத்தது. விளையாட்டுக்காரர் என்றால் விளையாடுகிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருக்கு நித்திரையும் வேலை, சாப்பாடும் வேலை. காலையில் இறப்பர் பட்டியைக் கதவுக் கைபிடியில் கட்டி இழுப்பார். அதைக் கண்டதும் என் பழைய பட்டியைத் தேடி எடுத்தேன். தோளுக்கென்று டொக்டர் தந்து, நான் அலுமாரிக்குள் போட்டுவிட்ட பட்டி. இரண்டு கதவிலும் இரண்டு பேர் நின்று இழுக்க, மனைவி குசினியில் சமைத்துக்கொண்டே, "கதவைக் கழட்டிக் கையிலை தரட்டோ?" என்று கேட்பாள்.

எறிந்து முடிந்ததும் அவர் முழங்கையில் ஐஸ் வைப்பார். அது மனைவிக்குக் கண்ணில் காட்டக் கூடாது. "நொந்த கைக்கு ஆரும் குளிர் வைப்பினமோ? நல்லெண்ணெய் சுடவைச்சுத் தாறன், சொல்லுங்கோ இவருக்கு." ஐஸ் முடிந்த ஒருநாள் அவர் பல்கனியில் போய்ப் பனிக்குள்ளேயே கையைப் புதைத்துக்கொண்டு நின்றார். மனைவி அன்றைக்கு எண்ணெய்ச் சட்டியோடு கதவுக்கு உள்ளே காவல் நின்றாள். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. இடக்கைக்கு ஐஸ், வலக்கைக்கு எண்ணெய். "வலக்கை மாமி கை" என்று தமிழில் சொல்லப் பழகிக்கொண்டார்.

விளையாட்டு மண்டபம் கிடைக்காத நாட்களில் கட்டடத்துக்குக் கீழே உள்ள கராஜில் எறிவார். மெதுவான எறிகளைப் பிடிக்கிற ஆள் நான். மனைவி எனக்குப் பனிச்சறுக்குத் தலைக்கவசம் மாட்டித்தான் கீழே அனுப்புவாள். மெதுவானது என்று அவர் சொல்கிற பந்து கையுறைக்குள் விழும்போது என் உள்ளங்கை எரியும். கையைத் தூக்கி எறிய என் தோள் விடாது, ஆகவே பந்தை நிலத்தில் உருட்டித்தான் திருப்பி அனுப்புவேன். வேகமாக எறிகிற நாட்களில் நான் ஒதுங்கிவிடுவேன். சுவரில் கட்டிய பழைய மெத்தை வாங்கிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டுக் கட்டடப் பொறுப்பாளர் ஒருநாள் கோபமாக இறங்கி வந்தார். இரண்டு எறி பார்த்தார். மேலே போய்க் கோப்பிப் போத்தலோடு திரும்பி வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துகொண்டார்.

தை மாதத்தில் ஒருநாள் எறிந்துகொண்டிருந்தவர் அப்படியே முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஏதோ சட்டென்று முறிந்தது போல உணர்ந்தாராம். எங்கள் பேத்தி பிறந்து சில கிழமைதான். பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு மகள் செருப்போடேயே கீழே ஓடிவந்தாள். கையை மடக்கி, நீட்டி, அமத்தி அமத்திப் பார்த்தாள். நான் கையுறைக்குள்ளேயே செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன். இந்த முறை இடக்கைக்குத்தான் செபித்தேன். பிறகு பயம் வந்து வலக்கையையும் சேர்த்துக்கொண்டேன்.

"நார் அறுந்து போகேல்லை அப்பா. உள்ளுக்குள்ளை பழைய தழும்பு இளகியிருக்கு. இது நல்லது" என்றாள். அவளுக்கே முழு நம்பிக்கை வந்தது ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்த பிறகுதான். சில நாட்கள் அவர் பந்தைத் தொடவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒரு பின்னேரம் வரவேற்பறையில் அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. பந்தை எடுத்து நிலத்தில் மெல்ல உருட்டிவிட்டேன். அவர் காலில் போய் முட்டியது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடக்கையால் எடுத்து, "வாங்கோ மாமா" என்று எழும்பினார்.

மாசியில் அவர் புறப்பட்டார். எறிந்து காட்டுகிற நாள் தவக்கால வெள்ளியாக அமைந்தது. அங்கே பகல், இங்கே பின்னேரம். சிலுவைப்பாதை முடிந்து கோயில் மண்டபத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். மகள் தொலைபேசியில் அதை நேரடியாகப் போட்டுக் கஞ்சிப் பானையில் சாய்த்து வைத்தாள். பேஸ்போல் சட்டம் தெரியாத ஒரு கூட்டம் அதைச் சுற்றி இருந்தது. அவர் முதல் பந்தை எறிந்தார். எறிந்துவிட்டுக் கையை ஒருமுறை உதறினார். "ஐயோ மாதாவே" என்றார் அக்கா. "பேசாதேங்கோ அக்கா, அது அவரின்ரை பழக்கம்" என்றாள் மகள். இரண்டாவது போனது, மூன்றாவது போனது. துடுப்போடு நின்றவன் பந்து படாமல் காற்றை வெட்டினான். எங்களுக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மகள் கத்திக்கொண்டு எழும்பினாள், நாங்களும் எழும்பினோம். கஞ்சி ஊற்றுண்டது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு குரல்பதிவு வந்தது. தமிழில்தான். "மாமா, குழு என்னை வைச்சிருக்கு. இரண்டு கையும் சுகம்."

பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் குறைவுதான். அதற்கேற்றபடி எறியப் பழகிக்கொண்டு இன்றைக்கும் விளையாடுகிறார். வெள்ளிக் கையை நானும் மனைவியும் மன்னாருக்குக் கொண்டுபோய் மாதாவின் காலடியில் வைத்தோம். வலக்கையாகவே வைத்தோம், மாற்றிச் செய்விக்கவில்லை. பேத்தி கரண்டியை இடக்கையால்தான் பிடிக்கிறாள். மனைவி மாற்றிக் கொடுக்கக் கையை நீட்டுவாள், பிறகு விட்டுவிடுவாள்.

ஸ்தவாங்கர்க்காரர் சொன்ன கதையில், வெள்ளிக் கை பட்டதும் அறுந்த நார் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டதாம். அப்படி நடக்கவில்லை. வெட்டித் தைத்தவர் டொக்டர், பார்த்துப் பழக்கியவள் என் மகள், நொந்தும் விடாமல் எறிந்தவர் மருமகன். நாங்கள் தெரியாத்தனமாக ஒரு கைக்குச் செபித்தோம், அந்தக் கையிலிருந்துதான் மற்றக் கைக்கு நார் போனது. எங்களுக்கு அது போதும், மாதாவுக்கு அதற்குமேல் யாரும் அலங்காரம் செய்யத் தேவையில்லை. இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் பிழையை மறைக்க வேண்டாம். முக்கியமாக, எறிகிற கையை வலக்கையாக்கிவிடாதீர்கள். அது இடக்கை.