டீயும் வட்டிதான்

கடன் வசூலுக்குப் போகிறவனுக்கு வாசலில் கிடைப்பது இரண்டே மரியாதை, ஒன்று சாத்திய கதவு, இன்னொன்று சர்க்கரை அள்ளிப் போட்ட டீ. இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டீ

நான் வேலை பார்ப்பது பள்ளிவாசல் கமிட்டி நடத்தும் வட்டியில்லாக் கடன் சங்கத்தில். சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு, மதம் பார்க்காமல் கடன். சங்கத்தின் சட்டப்படி அசலுக்கு மேல் எது வாங்கினாலும் அது வட்டி, கடன் வாங்கியவர் வீட்டு டீ உட்பட. ஸ்ரீராம்புரத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்ற செல்வியக்காவிடம் இதை விளக்கி, நீட்டிய டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாரவட்டிக்காரன் டீயைக் குடிச்சிட்டு டம்ளரையும் தூக்கிட்டுப் போவான். நீங்க எப்படி சார் பொழைக்கப் போறீங்க?"

ஜாமீன்

கொரோனா ஊரடங்கில் செல்வியக்காவின் வண்டி மூலையில் கிடந்தது. தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லப் போன் செய்தால், அவர் இன்னொரு கடன் கேட்டார். காய்ச்சலில் படுத்திருக்கும் வீடுகளுக்குக் கஞ்சி காய்ச்சி, வாசலில் வைத்து விற்கப் போகிறாராம். அந்த வீடுகள் இருந்த தெருவையே ஜனங்கள் சுற்றிக்கொண்டு போன நாட்கள் அவை. வியாபாரம் படுத்தாலும் போச்சு, அவரே படுத்தாலும் போச்சு என்று தயங்கிய கமிட்டி, ஜாமீன் கேட்டது.

பக்கத்து வீட்டு ஷாகிராக்கா கையெழுத்துப் போட வந்தார். தையல்காரர், எங்களிடம் ஒரு பைசா கடன் வாங்காதவர், துணி வராமல் அவரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். செல்வி கட்டாவிட்டால் நீங்கள் தையல் மிஷினை விற்றுக் கட்ட வேண்டியிருக்கும் என்று எச்சரித்தேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"மிஷின் சும்மாதான் நிக்குது சார். அவ சும்மா நிக்க மாட்டா."

இப்படியும் மனுஷிகளா என்று மலைத்துப் போனேன்.

கஞ்சி

அடுத்த மாதம் எனக்கே கொரோனா வந்துவிட்டது. தனி அறை, தனி ஆள். வீட்டுக்காரர் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். செத்தால்கூட யாருக்கும் தெரியாது என்று பயந்து கிடந்தேன். மறுநாள் காலை கதவுக் கொண்டியில் ஒரு தூக்குவாளி தொங்கியது, உள்ளே சூடான கஞ்சியும் துவையலும். தினமும் வந்தது. அதில்தான் உயிர் ஒட்டியது.

தெம்பு வந்ததும் செல்வியக்காவுக்குப் போன் செய்து, தயங்கித் தயங்கிச் சட்டத்தை நினைவுபடுத்தினேன்.

"சட்டம் எனக்கும் தெரியும் சார். நான் சும்மா குடுத்தாதானே வட்டி? ஷாகிராக்கா மாஸ்க் தைச்ச காசுல என்கிட்ட வாங்கி அனுப்புறாங்க. அவங்க உங்ககிட்ட கடன் வாங்கலையே."

செல்வியக்கா அசலை முழுவதும் கட்டி, அடுத்த கடனும் வாங்கிவிட்டதால், இன்றும் அவர் வண்டியில் காசு கொடுத்துத்தான் இட்லி சாப்பிடுகிறேன், டீ மட்டும் ஷாகிராக்கா வீட்டில்.