றொசல்ல வீட்டில் லைட் எரிய வைத்த குணம் சேர்

குணம் சேர் இறந்துவிட்டார்.

இன்று காலை அவருடைய மகள் யாழ்ப்பாணத்திலிருந்து மெசேஜ் போட்டிருந்தாள். ராத்திரி சாப்பிட்டு, நியூஸ் பார்த்துவிட்டுப் படுத்தவர்... காலையில் எழும்பவில்லை. வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும்.

தொண்ணூறுகளின் நடுவில் கொட்டகலைப் பக்கம் ஒரே ஸ்கூலில் படிப்பித்தோம். அவர் சயன்ஸ், நான் தமிழ். யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியோடு வந்தவருக்கு வாடகைக்கு அறை கொடுக்க எல்லோரும் பயந்தார்கள். யுத்த காலம் அப்படி. அம்மாதான் எங்கள் வீட்டுப் பக்கத்து அறையைக் கொடுத்தார்.

றொசல்ல ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் எங்கள் வீடு. தாத்தா வாங்கிப் போட்ட காணி. லீக்ஸ், கரட், கொஞ்சம் மாடுகள். பலகைச் சுவர், தகரக் கூரை. கரண்ட் கம்பி கீழே ரோட்டோடு நின்றுவிட்டது...

குளிருக்கு நாள் முழுக்க அடுப்பு எரியும். புகை போக வழியில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் கரி வேறு. அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "இந்தப் புகைக்குள்ளயே இருந்தா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க" என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஹட்டனில் ஒரு வீடு பார்த்தேன். அம்மா அசையவில்லை.

"நீ போ. மாட்ட யாரு பாக்குறது? நான் இங்கயே கெடக்குறேன்."

இந்தச் சண்டை குணம் சேர் காதில் விழாமல் இருக்குமா... பலகைச் சுவர்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ரீச்சர், உங்கட விறகில பாதி வெளியில இருக்கிற குளிரைத்தான் சூடாக்குது. முதல்ல அதை நிப்பாட்டுவம். பிறகு லைற்."

"லைட்டா?"

"பின்னால ஓடை ஓடுதெல்லோ. யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலத்தில நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள். உங்களிட்டத் தண்ணி இருக்கு, ரீச்சர்!"

பலகை இடுக்குகளை அடைத்தோம். உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, படுக்கும் அறைகளுக்கு சீலிங் கட்டினோம். பழைய அடுப்பை உடைத்துவிட்டு, செங்கல்லும் மண்ணும் வைத்து, புகைபோக்கியோடு புது அடுப்புக் கட்டினார். முதல் நாள் அது புகையைத் திருப்பி எங்கள் மேலேயே அடித்தது... அம்மா சிரித்துச் சிரித்து இருமினார். குழாயை இன்னும் உயர்த்திய பிறகுதான் சரிவந்தது. விறகுச் செலவும் பாதியானது.

பிறகு ஓடையிலிருந்து ஒரு குழாய். அதன் நுனியில் தகரச் சக்கரம், பழைய லொறி டைனமோ, பெட்டரி, வயர்.

அந்த வயர்தான் வினையானது.

ஒரு நாள் காலையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் ஓடைக்குள் இறங்கி வயர் இழுக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைய நிலைமையில் குண்டு என்று சந்தேகப்பட அதுவே போதும். நனைந்த சாரத்தோடு நின்றவரின் ஐடென்டிட்டி கார்டை வாங்கிப் பார்த்த இன்ஸ்பெக்டர், ஜீப்பில் ஏறச் சொன்னார். சேரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்தது அந்தக் கை.

அம்மா குறுக்கே வந்து நின்றார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். "லைட், மாத்தயா! வத்துரென் லைட்!" என்றார். தண்ணீரால் லைட், ஐயா. இப்போதே போட்டுக் காட்டுகிறோம், அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் கொண்டு போங்கள் என்றார்.

பிரச்சினை என்னவென்றால்... அதுவரை அது ஒருமுறைகூட எரிந்ததில்லை.

எல்லோரும் புது அடுப்பு இருந்த இருட்டுக் குசினிக்குள் நெருக்கியடித்து நின்றோம். சேர் வெளியே போய்த் தண்ணீரைத் திறந்தார். சக்கரம் மெதுவாகச் சுற்றும் சத்தம் கேட்டது. பல்ப் எரியவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ..." வெளியிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "குழாய் வாயில இலை அடைச்சிருக்கு."

இலையை எடுத்தார். சக்கரத்தின் சத்தம் கூடியது. பல்ப் முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளானது. கரி பிடித்த கூரை, அம்மாவின் முகம், இன்ஸ்பெக்டரின் தொப்பி... எல்லாம் தெரிந்தன.

இன்ஸ்பெக்டர் பல்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஐடென்டிட்டி கார்டைச் சேரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் அம்மா வீட்டுக்குப் பின்னாலும் ஓர் ஓடை இருக்கிறது, ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஜீப் இறங்கிப் போன பிறகு குணம் சேர் குசினிப் படியில் உட்கார்ந்து அழுதார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் வைத்து, "குடிங்க தம்பி... போய்ட்டாங்க, போய்ட்டாங்க" என்றார்.



அம்மா ஹட்டனுக்கு வரவேயில்லை. இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சேருக்கு ஊருக்கே மாற்றம் கிடைத்துப் போன அன்று, அம்மா ஸ்டேஷன் வரை நடந்தே வந்து வழியனுப்பினார். திரும்பி ஏறும்போது நான்தான் மூச்சு வாங்கி நின்றேன். அவர் முன்னாலே போய்விட்டார்!

மத்தியானம் சேரின் மனைவியோடு கதைத்தேன். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "தூரம்... கஷ்டப்பட்டு வரவேண்டாம்" என்றார்.

வராமல் இருப்பேனா, சேர்? இன்றைக்கே பஸ் ஏறுகிறேன். அக்கா பக்கத்தில் இருந்துகொள்கிறேன். நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க.