நானூறு கழிக்கவும்

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, ஒரு பையைத் தராசில் மாட்டியது. இரண்டு நாள் காலை நேரத்தை எடுத்துக்கொண்ட வேலை.

அப்பா முப்பத்து நான்கு வருடம் கடைத் தராசுகளைப் பழுதுபார்த்தவர். சிறுநீரகம் இரண்டும் கையை விரித்த பிறகு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியே இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விடுவார். அது சில மணி நேரம் அங்கேயே தங்கி ரத்தத்தின் கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு பையில் வடித்து, எடை போட்டு, நோட்டில் எழுதுவார். எல்லாம் கடையின் பின்னறையிலேயே. உள்ளே போனதைவிட வெளியே வருவது கூட இருக்க வேண்டும். தொடர்ந்து குறைந்தால் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினோடு உட்கார வேண்டும், கடைக்குப் பூட்டுதான்.

புதன்கிழமை பை ஆயிரத்து எழுநூறு கிராம் காட்டியது.

"தராசு பொய் சொல்லுது," என்றார் அப்பா.

மகள் இன்ஜினியர். இரண்டு கிலோ படிக்கல்லை மாட்டினாள். முள் இரண்டில் நின்றது.

"அப்ப கல்லு பொய் சொல்லுது."

"கல்லு உங்களோடதுப்பா."

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிட்டு, தராசு குறைத்துக் காட்டுகிறது என்றார்.

"வெளிக்குப் போனீங்களா ஐயா?"

"நான் தராசைக் கேட்டா இந்தம்மா வயித்தைக் கேக்குது!"

"குடல் அடைச்சிருந்தா குழாயை அமுக்கும், தண்ணி வடியாது. எத்தனை நாளாச்சு?"

கடை வாசலில் தராசோடு நின்ற மீன்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். அப்பா போனுக்கு நான்கு விரலைக் காட்டினார்.

"நாலு நாள்," என்றாள் மகள்.

"அடேயப்பா!" என்றார் மீன்காரர்.

அப்பா பேதி மருந்து குடித்தார். வியாழக்கிழமை காலை பை இரண்டாயிரத்து முந்நூறு. அப்பா உடனே போன் போட்டார். "தராசு மேல தப்பில்லைம்மா."

"உங்க தராசு சரி. எங்க வார்டு எடை மெஷின்தான் நானூறு கிராம் கூடக் காட்டுது. வந்து பாருங்களேன்."

"நாளைக்கே வர்றேன்!" விருந்துக்கு அழைத்ததுபோல முகம்.

அன்று மத்தியானம், கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, அப்பாவின் இதயம் நின்றது.

அடுத்த வாரம், மீதி மருந்துப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க மகள் வார்டுக்குப் போனாள். எடை மெஷின் மேல் நர்ஸின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது:

"நானூறு கழிக்கவும். ஐயா வெள்ளிக்கிழமை வருவார்."