கையுறைக்கு வைத்த பொட்டு

ஒருவருடைய காற்சட்டையைத் தோய்த்தால் அவர் என்ன வேலை செய்கிறவர் என்று சொல்லிவிடலாம். மொன்றியலுக்கு அகதியாக வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, பேஸ்போல் மைதானத்தின் நிலக்கீழ் அறையில் விளையாட்டுக்காரரின் உடுப்புத் தோய்ப்பது. ஓடிச் சறுக்கி விழுகிறவர்களின் காற்சட்டையில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை செம்மண் அப்பியிருக்கும். குந்தியிருந்து பந்து பிடிக்கிறவருக்கு இரண்டு முழங்காலிலும் அழுக்கு. ஒருவருடையது மட்டும் வலது முழங்காலில் ஒரு சின்ன வட்டக் கறையோடு வரும். அவர் பந்தெறிகிறவர். எறியும்போது அந்தக் கால் மண்ணைத் தொடுகிற அளவுக்கு மடியுமாம். எனக்கு அதிகம் வேலை வைக்காத மனுசன் என்பதால் முகம் பார்க்கும் முன்னரே அவரில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

என் கணவருக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. திருகோணமலையில் கல்லூரிக் கிரிக்கெட் அணியில் ஆடியவர். இங்கே ஜான்-டலோன் சந்தையில் உருளைக்கிழங்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். கையுறை போட்டுக்கொண்டு பந்து பிடிக்கிறதும் ஒரு விளையாட்டா என்று வீட்டில் ஒரே புறுபுறுப்பு. எனக்கு இரண்டு விளையாட்டும் ஒன்றுதான், ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவரோடு கொழுவுவதற்காகவே நான் பேஸ்போல் பக்கம் சாய்ந்தேன். "உம்மடை பந்துக்காரர் இண்டைக்கு என்ன செய்தவர்?" என்று அவர் நக்கலாகக் கேட்பார். நானும் விடாமல் ஒரு விவரம் சொல்லுவேன்.

பந்துக்காரரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது உலர்த்தி இயந்திரத்தால். ஒருநாள் துவாய்களைக் காயப்போட்டுவிட்டுத் திரும்பினால், நெடுநெடுவென்று ஒரு மனுசன் கதிரையை இழுத்துப்போட்டு, வலது முழங்கையை அந்தச் சூடான தகரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார். இரண்டு முறை வெட்டித் தைத்த முழங்கை. வைத்தியர் கொடுக்கிற சூட்டைவிட என்னுடைய இயந்திரத்தின் சூடுதான் சுகமாயிருக்கிறதென்றார். அதற்குப் பிறகு ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் வருவார். என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு விளங்கட்டும் என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைப்பார்.

அமெரிக்காவின் தெற்கில் அவருடைய தகப்பனுக்குக் கச்சான் கடலைத் தோட்டம். பதினெட்டு வயதில் பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்தே ஓர் அணி கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெரிய அணிக்கு நேரே போய்விடலாம் என்று நினைத்தாராம். பத்து வருசம் சின்னச் சின்ன ஊர்களில் ஆடினார். ஊருக்கு ஊர் பஸ்ஸிலேயே நித்திரை, பஸ்ஸிலேயே சாப்பாடு. பெரிய அணிக்கு வந்து மூன்று வருசத்தில் முழங்கை போனது. திரும்பவும் சின்ன ஊர், திரும்பவும் பஸ். இப்போது முப்பத்தாறு. அந்த விளையாட்டில் அது கிழட்டு வயதாம். எனக்கு முப்பத்து மூன்று, நான் அப்போதுதான் முதல் வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். நன்றாகச் சிரித்தார்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இன்னும் ஒரு கோடை. அடுத்த வருசமும் வரச்சொல்லி அணி கேட்குமா, கேட்காதா என்பது செப்டம்பர் முடிவதற்குள் தெரிந்துவிடும். எங்களுடைய அகதி விண்ணப்பமும் அப்போது யாரோ ஒருவரின் மேசையில் கிடந்தது. அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிற சீவியம் எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால் அவருக்கு அந்தக் கோடை கிடைக்கவேண்டும் என்று மனதார விரும்பினேன்.

அந்தப் பருவத்தின் கடைசிக் கிழமையில் சரஸ்வதி பூசை வந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் இரண்டு அறை வீட்டில் பிள்ளையின் கொப்பிகளையும் இவருடைய பெட்டி வெட்டுகிற கத்தியையும் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். பிறகு யோசித்தேன். எங்களுக்குச் சோறு போடுகிற இயந்திரங்கள் மைதானத்தில் அல்லவா நிற்கின்றன? தயிர்க் கோப்பையில் சந்தனமும், கமரா பிலிம் வருகிற சின்ன டப்பாவில் குங்குமமும் எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

சலவை இயந்திரம் மூன்று, உலர்த்தி இரண்டு, இஸ்திரிப் பெட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இரண்டாவது உலர்த்திக்கு மேலே அவருடைய கையுறை கிடந்தது. ஈரம் காயட்டும் என்று வழக்கமாக அங்கேதான் வைத்துவிட்டுப் போவார். இதுவும் ஒரு ஆயுதம்தானே, இந்த மனுசனுக்கும் ஒரு நல்லது நடக்கட்டுமே என்று அதன் முதுகில், மணிக்கட்டு வாருக்கு மேலே, ஒரு ரூபாய்க் குற்றியளவில் சந்தனத்தைத் தடவி நடுவில் குங்குமம் வைத்தேன். பொட்டு வைத்த சாமானை அன்று வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது வழக்கம். சலவை இயந்திரத்தை நிற்பாட்டி வைத்தால் வேலை போய்விடும் என்று அந்த வழக்கத்தை மட்டும் நான் வசதியாக மறந்துவிட்டேன்.

அன்று பகல் ஆட்டம். சலவை அறையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. எட்டாவது சுற்றில் அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு பந்துதான் எறிந்தார். அடிக்க நின்றவன் மட்டையை இறக்கிவிட்டு, நடுவரைப் பார்த்து எதையோ காட்டினான். நடுவர் பந்தெறிகிற மேட்டுக்கு நடந்து போனார். கமரா கிட்டப் போனது. கையுறையின் கறுப்புத் தோலில் என்னுடைய மஞ்சளும் சிவப்பும் அப்படியே பளிச்சென்று தெரிந்தது.

பந்தில் எதையாவது பூசி எறிந்தால் அது களவு என்றும், ஆட்டத்திலிருந்தே துரத்திவிடுவார்கள் என்றும் அவரே ஒருநாள் எனக்குச் சொல்லியிருந்தார். நடுவர் விரலால் தொட்டார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். அந்த நேரம் பந்துக்காரர் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை, எரிச்சலாகவும் இருந்தது. கடைசியில் பந்தில் ஒன்றுமில்லை, ஆனால் நிறம் பூசிய கையுறை ஆகாது என்று தீர்ப்பாயிற்று. யாரோ ஒரு பெடியனுடைய கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது அவருடைய கைக்குச் சின்னன். மூன்றாவது ஆள் அடித்த பந்து நேரே அவரிடம் வந்து, அந்தக் கையுறைக்குள் நிற்காமல் தெறித்து விழுந்தது. குனிந்து வெறுங்கையால் பொறுக்கி எறிந்தார். அந்த ஆளும் அவுட். ஆனாலும் மைதானம் முழுக்கச் சிரித்தது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போய் அழுதேன். இவர் நக்கல் ஒன்றும் செய்யவில்லை. "நீர் நல்லதுக்குத்தானே செய்தனீர். நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லும்" என்றார்.

அடுத்த நாள் முதல் வேலையாகப் பொறுப்பாளரிடம் போய், அந்தப் பொட்டை வைத்தது நான்தான், அந்த மனுசனுடைய வாய்ப்பை நான்தான் கெடுத்தேன் என்று அரைகுறைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். பொறுப்பாளர் ஒரு கியூபெக்காரர், அதிகம் கதைக்காதவர். என்னைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போய், நான் செவ்வாய்க்கிழமை அடுக்கிய துவாய்க் கும்பலைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார். அடியில் ஒரு காட்போட் பெட்டி. அதன் மேல் பந்துக்காரருடைய இலக்கம் எழுதியிருந்தது. அடுத்த வருசம் அவர் வேண்டாமென்று திங்கட்கிழமையே மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள், சாமான்களைக் கட்டி அனுப்ப எடுத்து வைத்த பெட்டி என்றார். நான் அதைத் துவாய் வைக்க வசதியான பெட்டியென்று நினைத்திருந்தேன்.

என்னால் கெடவில்லை என்று ஒரு நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டேன்.

பின்னேரம் அவர் வழக்கம்போல வந்து முழங்கையை உலர்த்தியில் வைத்தார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நேற்று எறிந்தீர்களா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார்.

"பதினெட்டு வருசமும் யாரோ பார்த்து முடிவெடுப்பார்கள் என்று பயந்து பயந்து எறிந்தேன். நேற்றுத்தான் முதல்முறை சும்மா விளையாடினேன்."

பொட்டைக் கண்டும் துடைக்க மனம் வரவில்லையாம். அது எதற்கு என்றும் கேட்டார். வருசத்தில் ஒருநாள் ஆயுதத்தைக் கழுவி, பொட்டு வைத்து, வேலை கொடுக்காமல் ஆறவிடுவோம் என்றேன். உங்களுடையதை ஆறவிடாமல் விட்டது என் பிழை என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் கைகுலுக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காற்சட்டைகள் தோய்ந்துகொண்டிருந்தபோது அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியைப் பொறுப்பாளர் கட்டிவிட்டாராம். கையுறை மட்டும் கையில் இருந்தது. யாரோ அதை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள், வாரின் தையலுக்குள் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் நின்றது. அதை உலர்த்தியின் மேல் வைத்தார்.

"இப்போது வையுங்கள்," என்றார். "இனி அது ஆறட்டும்."

பூசை முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சந்தனம் தயிர்க் கோப்பையின் அடியில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்து, முதலில் வைத்த அதே இடத்தில் வைத்தேன். பிலிம் டப்பாவைத் தட்டி மிச்சக் குங்குமத்தையும் வைத்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். உலர்த்திக்குள் ஒரு துணியும் இருக்கவில்லை. அவருடைய முழங்கைக்காக வெறும் இயந்திரத்தைப் போட்டுவிட்டேன்.